கொறங்காட்டை அழித்துவிட்டுச் செம்மரம் நடலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் இருக்கிறது. 2 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். மீதி 2 ஏக்கரில் மழையை நம்பிச் சோளமும் கொள்ளும் விதைக்கிறோம். கிணற்றில் நான்கு மாதம்தான் தண்ணீர் நிற்கும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மா மட்டும் இருக்கிறார். கொறங்காட்டை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துவிட்டுச் சந்தனமும் செம்மரமும் நட்டால் அரசாங்கம் கன்றை இலவசமாகக் கொடுத்து வருடாவருடம் பணமும் தரும், கார்பன் கிரெடிட் தனியாக வரும் என்று ஒருவர் சொல்கிறார். பதிவுச் செலவு 6,000 ரூபாய் கேட்கிறார். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்தான் உள்ளது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஜேசிபியும் வர வேண்டாம். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம்.

அவர் சொல்லும் திட்டம் உண்மையில் இருக்கிறது. ‘நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்’ என்று பெயர். 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வனத்துறை நாற்றங்காலில் கன்று வளர்த்துத் தரும், வேளாண்மைத் துறை விவசாயிக்கு வழங்கும். வரப்பில் மட்டும் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று. வயல் முழுக்க நட்டால் ஏக்கருக்கு 160. கன்றுக்குக் காசு கிடையாது. பதிவுக்கும் கிடையாது. உங்கள் கைபேசியில் உழவன் செயலியை இறக்கி நீங்களே பதியலாம். அது கைவராவிட்டால் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உதவி வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வாசல் எதுவும் இல்லை. ‘ஆபீசில் எனக்கு ஆள் இருக்கிறது’ என்று யார் சொன்னாலும், உங்கள் பையில் இருக்கும் பணத்துக்காகத்தான் சொல்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஊக்கத்தொகை ஒரு கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய். நட்ட வருடம் தரமாட்டார்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கி நான்காம் ஆண்டு வரை, மூன்று வருடம் தருவார்கள். ஆக ஒரு கன்றுக்கு மொத்தம் 21 ரூபாய். அவர் சொன்னபடி 2 ஏக்கர் கொறங்காட்டை அழித்து 320 கன்று நட்டு, ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால் வருடத்துக்கு 2,240 ரூபாய். மூன்று வருடத்துக்கு 6,720. நூற்றுக்கு அறுபது கன்று பிழைத்தால் மூன்று வருடமும் சேர்த்து 4,032 ரூபாய்தான். அவர் முன்பணமாகவே 6,000 கேட்கிறார். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்த 7 ரூபாயை உயிரோடு நிற்கும் கன்றுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். குழி வெட்டியதற்கும் நட்டதற்கும் போட்டோ எடுத்ததற்கும் காசு கிடையாது. அலுவலர் வந்து எண்ணிப் பார்த்து எழுதுகிற எண்ணிக்கைக்குத்தான் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். உங்களிடம் பணம் கேட்கும் முகவருடைய வேலை நடவு நாளோடு முடிந்துவிடுகிறது. உங்கள் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றியே மழை பெய்யும் உங்கள் மண்ணில் முதல் இரண்டு கோடைதான் கன்றின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். 320 கன்றுக்கு யார் ஊற்றுவார்? அம்மாவா?

கன்று வழங்கும் துறையின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதிக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கன்று புரட்டாசிக் கடைசிக்குள் விவசாயி கையில் இருக்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது வேறொரு மரக்கன்றுத் திட்டத்தில், பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து லாரியில் கன்று வந்து இறங்கியது. இலக்கை முடிக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம். விவசாயிகளும் மறுக்க முடியாமல் வாங்கிப் போய் நட்டார்கள். சித்திரையில் நான் போய்ப் பார்த்தபோது குச்சிகள்தான் நின்றன. பதிவேட்டில் மட்டும் அத்தனை கன்றும் நடப்பட்டதாக இருந்தது. வானம் நிதியாண்டைப் பார்த்துப் பெய்வதில்லை என்பதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மாறவில்லை. அதனால் நீங்கள் ஆனியிலோ ஆடியிலோ பதிந்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழியை முன்பே எடுத்து ஆறப் போட்டுக் காத்திருங்கள். தை மாதம் கன்று தந்தால், ‘அடுத்த மழைக்குத் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வாங்கிச் சாகவிடுவதைவிட அது மேல்.

சரி, எந்த மரம்? சந்தனம் தனியாக நட்டால் வளராது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் பிழைக்கும். முதலில் துவரை மாதிரி ஒன்று, பிறகு சவுக்கு மாதிரி நின்று நிலைக்கும் ஒன்று என்று துணைமரம் கூடவே வளர்க்க வேண்டும். வைரம், அதாவது விலை போகும் நடுக்கட்டை, ஏற 15 ஆண்டுக்கு மேல் ஆகும். வைரம் ஏறியது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே திருடனுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் திருப்பூரில், அம்மா தனியாக ஊரில். வேண்டாம் தம்பி. உங்கள் பட்டா நிலத்துச் சந்தனம் என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ விற்கவோ முடியாது. செம்மரமும் தொல்லை பிடித்ததுதான். 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம் அது. ‘ஒரு டன் இத்தனை லட்சம்’ என்று அவர் காட்டும் விலை உங்கள் தோட்டத்து வாசலில் கிடைக்கும் விலை இல்லை. கட்டைக்கு வைரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தும், காகிதம் எத்தனை சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் அது இறங்கிக்கொண்டே போகும்.

உங்கள் மண்ணுக்கு வேம்பு, வெள்வேல், வாகை. இவை போதும். சோளம் விதைக்கிற 2 ஏக்கரின் வரப்பில் நூறு கன்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள். நூறு கன்றை ஒரு குடும்பம் காப்பாற்ற முடியும். வெள்ளாடு வாய் வைக்காதபடி ஒவ்வொன்றுக்கும் முள் கட்டுங்கள். நடும்போது பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். பையோடு புதைத்த கன்றுகளை நான் எத்தனையோ முறை பிடுங்கிக் காட்டியிருக்கிறேன்.

கொறங்காடு விஷயத்துக்கு வருகிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது என்னவென்றே தெரியாது. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்காக உங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து காத்து வந்த மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லை ஒருவரும் வருடாவருடம் விதைப்பதில்லை. கோடையில் காய்ந்து மண்ணோடு கிடக்கும். ஒரு மழை விழுந்தால் பத்து நாளில் துளிர்த்துவிடும். உழவு இல்லை, உரம் இல்லை, பாசனம் இல்லை. காற்றும் மழையும் மேல்மண்ணை எடுத்துப் போகாதபடி வேர் பிடித்து வைத்திருக்கிறது. வெள்வேலின் நிழலில் மாடு படுக்கும், அதன் காய் ஆட்டுக்குத் தீனி, சாணம் அங்கேயே விழுந்து மண்ணாகும். பருவநிலைக்கு ஏற்ற விவசாயம் என்று இன்றைக்குக் கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்களே, அது உங்கள் வேலிக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பசுமைப் போர்வைத் திட்டத்தில் அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. புதிதாக நடும் கன்றைத்தான் எண்ணுவார்கள். நாற்பது வருடமாக நிற்கும் வெள்வேல் கணக்கில் வராது, புல் கணக்கில் வராது, கிளுவை வேலி கணக்கில் வராது. வருவாய்ப் பதிவேட்டில் அது வெறும் புஞ்சை. அழித்துவிட்டுக் கன்று நடுபவனுக்கு ஊக்கத்தொகை, அழிக்காமல் காப்பவனுக்கு ஒன்றுமில்லை என்றால் அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் ஒருநாளாவது கொறங்காட்டுக்குள் நடந்து பார்த்திருக்க வேண்டாமா? இதை நான் எழுத்திலும் கேட்டிருக்கிறேன், நேரிலும் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு வருமானம் வேண்டுமென்றால் கொறங்காட்டை மேய்ச்சலுக்கு வருடக் குத்தகைக்கு விடுங்கள். எத்தனை உருப்படி, எத்தனை மாதம் என்று பேசி விடுங்கள். அளவுக்கு மீறி மேய்ந்தால் புல் செத்துவிடும். கிளுவை வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் ஐப்பசி மழைக்குக் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நட்டு அடையுங்கள்.

கார்பன் கிரெடிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்து வைக்கும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கிரெடிட். இரண்டு ஏக்கர்க்காரரால் அதைத் தனியாக விற்க முடியாது. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரு நிறுவனம் சேர்த்து, வெளியார் வந்து சரிபார்த்து, சில வருடம் கழித்துத்தான் பணம் வரும். வருவதில் நிறுவனத்தின் பங்கு போக மீதிதான் உங்களுக்கு. மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் இதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டி ‘அரசாங்கமே கார்பன் பணம் கொடுக்கிறது’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படி அரசாங்கம் உங்கள் கணக்கில் போடுவதில்லை. இன்னொன்று: உலகில் அதிகம் புழங்கும், வெர்ரா என்ற அமைப்பின் கார்பன் கிரெடிட் தரத்தின்படி, இயற்கையாக இருந்த தாவரத்தைப் பத்து ஆண்டுக்குள் அழித்து மரம் நட்ட நிலத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கொறங்காட்டை அழிக்கச் சொல்லும் அதே வாய்தான் கார்பன் கிரெடிட் வரும் என்றும் சொல்கிறது, கவனியுங்கள். முப்பது வருட ஒப்பந்தம் என்று எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்து வேண்டாம். வெற்றுப் பத்திரத்தாள், அசல் பத்திரம், ஓடிபி, இந்த மூன்றையும் எவருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பட்டா. இதைத்தான் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. பதிவுக்குக் கேட்பது சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன விளைகிறது என்ற பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. சிட்டாவில் அப்பா பெயர், ஆதாரில் உங்கள் பெயர் என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முகவர் சொல்வார். அவரால் பார்க்க முடியாது. இறப்புச் சான்றை வைத்து, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். அது கிடைத்ததும் பட்டா மாறுதலுக்குப் போடுங்கள். அப்போது பட்டா அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வரும். அக்கா தங்கை இருந்தால் அவர்கள் பெயரும் வரும். வரவும் வேண்டும், அவர்களுக்கும் சம பங்கு உண்டு. ‘அக்கா வேண்டாம்னு வாயாலயே சொல்லிட்டாங்க’ என்பது செல்லாது. உண்மையிலேயே வேண்டாம் என்றால், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டும் திட்டத்தில் சேரலாம். மற்றவர்களின் சம்மதக் கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு பிரிப்பதென்றால் கன்று நடுவதற்கு முன் பிரித்து, சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்துவிடுங்கள். சோளம் என்றால் நான்கு மாதத்தில் அறுத்துவிடலாம், தகராறு அதோடு முடியும். வேம்பு இருபது வருடம் நிற்கும். அன்றைக்கு உங்கள் பிள்ளையும் உங்கள் அக்கா பிள்ளையும் ஒரே வரப்பில் நின்று எது யார் மரம் என்று பேசக் கூடாது. பிரித்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், பிரிக்காமல் நட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். மரம் அப்படியே நின்றது, யாரும் வெட்ட முடியவில்லை.

கன்று பிடித்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, இன்ன சர்வே எண்ணில் இன்ன மரம் இத்தனை என்று அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பார். விடாதீர்கள். 7 ரூபாய் நான்காம் ஆண்டோடு நின்றுவிடும். மரத்தை வெட்டி ஏற்றும் நாளில் இது என் நிலத்தில் நான் வளர்த்தது என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு. நான்கு மாதமே தண்ணீர் நிற்கும் கிணற்றை நம்பி இப்போது அதற்குள் போக வேண்டாம். வாரிசுச் சான்று விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். அது கைக்கு வருவதற்குள் குழி எடுக்கும் வேலையை முடித்துவிடலாம்.