இரண்டாம் விதி மீறப்பட்டால் அதை வைத்து மோட்டார் ஓட்டலாமா?
2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி (என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, மொத்தத்தில் தானாகக் குறையாது என்பது) மீறப்பட்டதாமே, அப்படியானால் எரிபொருள் இல்லாத மோட்டார் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அங்கே லேசரில் பிடித்து வைத்த, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டையைத் தண்ணீருக்குள் இழுத்தபோது, ஓரிரு நொடிகளுக்குச் சில சமயம் சுற்றியிருந்த மூலக்கூறுகளே அதைத் தள்ளின, அதாவது வெப்பமே வேலையாக மாறியது. நிஜம்தான். ஆனால் எப்போது தள்ளும் என்பது நம் கையில் இல்லை, சராசரி எடுத்தால் என்ட்ரோபி கூடித்தான் இருக்கும். சரி, தள்ளும் நேரத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கலாமே என்றால், அது 1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் யோசித்த பூதம், அதாவது மூலக்கூறுகளைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்கும் கற்பனைக் காவலாளி (ஆசை யாரை விட்டது!); பார்த்த தகவலை அழிக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும் என்று 1961-இல் இயற்பியலாளர் லாண்டவர் காட்டிய வழியில் அதற்கும் பதில் வந்துவிட்டது. முதல் விதி, அதாவது மொத்த ஆற்றல் மாறாது என்ற கணக்கு, அந்தச் சோதனையிலும் துளிகூட அசையவில்லை.