உருகிய இரும்பில் கந்தகம் செய்யும் வேலை: கேள்வி பதில்

கே: 0.1 சதவீதக் கந்தகம் உருகிய இரும்பின் பரப்பு இழுவிசையை (திரவம் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயலும் விசையை) சரித்துவிடும் என்கிறார்கள். இவ்வளவு சிறிய அளவுக்கு அத்தனை வலிமையா?

ப: ஆம். தூய இரும்பு உருகும் 1538 டிகிரி செல்சியஸில் அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 1.8 நியூட்டனுக்கு மேல். அதாவது நீரைப்போல் சுமார் 25 மடங்கு. நீங்கள் சொல்லும் கந்தகம் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கந்தக அணுக்கள் உள்ளே சீராகப் பரவி நிற்பதில்லை. மேலடுக்கில் வந்து நெருக்கியடித்துக்கொள்கின்றன. நீரில் சோப்பு செய்வதும் இதையேதான். இழுவிசையைக் குறைக்கும் பொருள் பரப்பில் சேரும் என்று அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் 1870களிலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். ஆக்சிஜனும் இதே ரகம்.

கே: கார்பன்?

ப: அதன் பங்கு மிகக் குறைவு. கார்பனால் குறைந்ததாகத் தோன்றினால், கூடவே வந்த கந்தகத்தைத் தேடுங்கள்.

கே: அப்படியானால் இழுவிசை மிகுந்த டங்ஸ்டனைக் கலந்து ஏற்றிவிடலாமே?

ப: நடக்காது. அது பரப்பை விட்டு உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். குறைப்பதற்கு ஒரு சிட்டிகை போதும். ஏற்றுவதற்கு அள்ளிக் கொட்டினாலும் பலன் சொற்பம்.

கே: ஒரே தரக் குறியீடுள்ள இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள். டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் ஆர்க், அதாவது மின்வில், கொண்டு உருக்கி இணைக்கும் முறை) மின்னோட்டமும் வேகமும் மாறவில்லை. ஒன்றில் வெல்டு ஆழமாக இறங்குகிறது, மற்றதில் அகலமாகப் பரவி மேலோடு நின்றுவிடுகிறது. என் கைதான் தவறா?

ப: கையைக் குறை சொல்லாதீர்கள். தகட்டுடன் வந்த சோதனைச் சான்றிதழில் கந்தக அளவைப் பாருங்கள். ஆர்க்கின் கீழே உருகித் தேங்கும் உலோகம்தான் உருகுகுட்டை. கந்தகம் மிகக் குறைந்த குட்டையில், சூடு ஏற ஏற இழுவிசை குறையும். ஆர்க்குக்கு நேர்கீழே சூடு அதிகம் என்பதால் அங்கே இழுவிசை குறைவு, ஓரத்தில் கூடுதல். திரவம் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுபட்டு வெப்பத்தையும் வெளியே கொண்டுபோகும், குட்டை அகலும். போதிய கந்தகம் இருந்தால் கணக்குத் தலைகீழ். சூடு ஏறும்போது கந்தகம் பரப்பை விட்டு விலகுவதால், ஒரு வெப்பநிலை வரை இழுவிசை கூடுகிறது. ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்பி, அங்கே கீழ்நோக்கிப் பாய்ந்து அடியைக் குடைகிறது. 1980களின் தொடக்கத்தில் ஹைப்பிள், ரோப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். மிகச் சுத்தமான எஃகு வெல்டருக்குத் தொல்லை தருவது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.

கே: பீங்கான் தகட்டில் இரும்புத் துளியை வைத்து, அதன் வடிவத்தைப் படமெடுத்து இழுவிசையைக் கணக்கிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நூல்களில் உள்ளதைவிடக் குறைவாகவே வருகிறது.

ப: கணக்கை விடுங்கள், துளியைக் காற்று படாமல் காக்கச் சுற்றிலும் நிரப்பும் ஆர்கான் வாயுவை முதலில் சந்தேகியுங்கள். அதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனே இழுவிசையைக் குறைக்கப் போதும். அடுத்தது அந்தப் பீங்கான். அதுவும் சிறிது சிறிதாக ஆக்சிஜனைத் துளிக்குள் விடும். துளியை எதிலும் படாமல் மின்காந்தப் புலத்தில் மிதக்கவிட்டு, துளி அதிரும் அதிர்வெண்ணிலிருந்து இழுவிசையை அளக்கும் முறை இருக்கிறது. பீங்கான் தொல்லை அதில் இல்லை; ஆர்கான் தொல்லை அதிலும் உண்டு.