முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி: ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் மறுபடி வராதா?

உங்கள் அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார் என்று நினைக்கிறேன். நீங்கள் அதையெல்லாம் எழுதவில்லை. அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற நீர்க்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் மறுபடி வராதா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் இதே கட்டிதான், இடது காலில். முழங்காலுக்குப் பின்னால் வருகிற இதை பேக்கர் நீர்க்கட்டி என்பார்கள். காலை நீட்டினால் கெட்டியாகத் தட்டுப்படும், மடக்கினால் தளர்ந்துவிடும். முதலில் போன கிளினிக்கில் ஊசி குத்தி நீரை உறிஞ்சினார்கள். விளக்கெண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சளாக, பிசுபிசுவென்று சிரிஞ்சில் ஏறியது. கட்டி வற்றியதில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் பழையபடி வீங்கிவிட்டது. அங்கே ஒருவர்கூட முட்டியின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் போன எலும்பு டாக்டர் கட்டியை லேசாக அழுத்திப் பார்த்ததோடு சரி. முட்டியை மடக்கித் திருப்பி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எம்ஆர்ஐ ஸ்கேனில், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸ் என்கிற சவ்வில் கிழிசல், குருத்தெலும்பில் தேய்மானம். "டீச்சர், முட்டிக்குள்ள சுரக்கிற நீர் அதிகமாகி பின்பக்கம் ஒதுங்கியிருக்கு. அங்க போறது சுலபத்துல திரும்பாது. முட்டி சரியாகாம கட்டியை மட்டும் எடுத்தா திரும்ப வரத்தான் செய்யும்" என்றார். 1877லேயே பேக்கர் என்ற ஆங்கிலேய சர்ஜன் இந்தக் கட்டிகளை முட்டி நோயோடு சேர்த்து எழுதிவிட்டாராம். நமக்கு இன்னும் கட்டி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

எனக்கு முட்டிக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், பிறகு பிசியோதெரபி. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சிதான் முக்கியம். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். எடையும் கொஞ்சம் குறைத்தேன். கட்டி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. சின்னதாக இருக்கிறது, தொந்தரவு இல்லை.

'நீங்கள் டாக்டரா?' என்று கேட்க ஒருவர் வருவார். இல்லை ஐயா, கணக்கு டீச்சர். எல்லாருக்கும் என் வைத்தியமே என்றும் சொல்லவில்லை. முடக்குவாதத்தால் வந்த கட்டி என்றால் அந்த வாதத்துக்கான மாத்திரையைத்தான் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். கிழிந்த சவ்வு முட்டியைப் பூட்டு விழுந்தது போல நிறுத்திவிட்டால் ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன், தேவைப்படலாம். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் தானாகவே மறையும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் கட்டி உடைந்திருக்கலாம், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தும் இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போய், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

முட்டி ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்டால் எனக்கு வேறொரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில், டீச்சர்கள் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்துகிறார்கள் என்று வகுப்பறை நாற்காலிகளையெல்லாம் தூக்கிவிட்டார்கள். தேய்மானத்துக்கு வயதும் எடையும் காரணம், தெரியும். ஆனால் வலிக்கிற காலோடு ஒரு பீரியடில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் சிலபஸ் ஓடிப்போய்விடுமா? தாளாளர் அறையில் மட்டும் சுழல் நாற்காலி!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டியை எடுத்துவிடலாம் என்று உடனே தேதி கொடுத்தால், முட்டிக்குள் என்ன கோளாறு, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால், கையிலிருக்கும் ஸ்கேனோடு இன்னொரு எலும்பு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போங்கள்.