பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைக் கொழும்பில் வீட்டிலேயே கழற்றிப் பூட்ட முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில்தான் வேலை நடந்தது. மாமா விட்டுப்போன 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு மாதம் என்று வீட்டில் சொல்லித் தொடங்கினேன், பதினொரு மாதம் பிடித்தது.

ஆனால் 'வீட்டிலேயே' என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். சிலிண்டரைப் போர் பண்ணுவதும் (துளையைப் பெருப்பிப்பது), கிராங்கைக் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கிரைண்ட் பண்ணுவதும், ஈயமில்லாத பெற்றோலுக்குத் தாங்கும் வால்வு சீற் (வால்வு வந்து உட்காரும் வளையம்) இறக்குவதும் லேத் கடை வேலை. நமக்கு மிஞ்சுவது கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது. பூட்டுவதைத்தான் எல்லோரும் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. அடிபட்டது அளப்பதில்தான்.

மிட்ஜெட்டில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். நம் ஊரில் தெருவுக்கு ஒன்று நின்ற மொரிஸ் மைனரிலும் அதே குடும்பம்தான். பிந்திய மைனரும் என் காரும் 1098 சிசி. சிலிண்டர் துளை 64.58 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.72, இரண்டிலும் ஒன்றே. இதைத் தெரிந்துகொண்டதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மிட்ஜெட் சாமான் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள், மைனர் சாமான் என்றால் அடுத்த நிமிடமே மேசைக்கு வரும். காஸ்கட், டைமிங் செயின், மெயின் பெயாரிங் ஷெல் (புளொக்கில் கிராங்க் சுற்றும் இடங்களில் அதைத் தாங்கும் மெல்லிய அரைவளையம்) எல்லாம் ஒரே பையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரவு ஒரு ஷெல்லை எடுத்துக் கிராங்கில் வைத்துப் பார்த்தால் உட்காரவே இல்லை. மைனரின் கிராங்க் மெயின், அதாவது அந்த ஷெல்லில் உட்காரும் பகுதி, ஒன்றேமுக்கால் அங்குலத் தடிப்பு. 1964இல் வந்த இரண்டாம் மார்க் மிட்ஜெட்டில் அதை 2 அங்குலமாகத் தடிப்பாக்கிவிட்டார்கள். சிசி ஒன்று, துளை ஒன்று, கிராங்க் வேறு. அடுத்த நாள் கடைக்காரர் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "தம்பி, கிராங்கை அளந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். புத்தகம் வாசித்திருந்தேன், அளக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மைக்ரோமீற்றர் வாங்கினேன். உங்கள் கிராங்கை ஏற்கனவே யாராவது கிரைண்ட் பண்ணியிருக்கலாம். பழைய ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். என்னுடையதில் 020 என்று குத்தியிருந்தது, அதாவது ஏற்கனவே 20 தௌ குறைந்த கிராங்க். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எஞ்சினில் எல்லாக் கணக்கும் அதில்தான்.) தேய்மானம் இருந்ததால் 30க்கு இறக்கி, ஷெல்லை இங்கிலாந்திலிருந்து தபாலில் எடுத்தேன். பிஸ்டனும் அப்படித்தான் வந்தது. லேத் கடை பாஸ் சிங்களவர், தமிழ் அரைகுறை. புளொக்கைக் கொண்டுபோய் இறக்கினதும், "பிஸ்டன் எங்க? பிஸ்டன் இல்லாம நான் போர் அடிக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் துளை போட வேண்டும், பெட்டியில் அச்சடித்த அளவுக்கு இல்லை.

ஷெல்லின் இடைவெளி பார்க்க பிளாஸ்டிகேஜ் என்று ஒரு மெழுகு நூல் இருக்கிறது. சேமியாவை விட மெல்லியது. கிராங்கின் மேல் ஒரு துண்டை நீளவாக்கில் வைத்து, மூடியைப் போட்டு, மெயின் போல்ட்டை 60 அடி-இறாத்தலுக்கு இறுக்கித் திரும்பவும் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். எவ்வளவு அகலமோ அவ்வளவு குறைவு இடைவெளி. கூட வரும் கடதாசி அளவுகோலை வைத்து வாசிக்க வேண்டியதுதான். எனக்கு ஒன்றரை தௌ வந்தது. நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கை மட்டும் சுற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை சுற்றி, அழித்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

கொழும்புக்கென்றே ஒரு எச்சரிக்கை. போர் அடித்த புளொக்கைப் பின்னேரம் கொண்டுவந்து பழைய பெட்ஷீற்றால் மூடிவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் பளபளவென்று இருந்த சிலிண்டர் சுவரில் தேநீர்க் கறை மாதிரி ஒரு துரு. உப்புக் காற்றுக்கு ஒரு இரவு போதும். வீட்டுக்கு வந்த கையோடு ஒயில் பூசிப் பொலித்தீனில் கட்டுங்கள், பிறகு சாப்பிடப் போகலாம்.

ஸ்பனரும் அளவுதான். இங்கே எல்லோரிடமும் இருப்பது ஜப்பான் காருக்கான மில்லிமீற்றர் செட். 13 ஸ்பனர் அரை அங்குலத் தலைக்குப் போகும், ஆனால் அரை அங்குலம் என்பது 12.7. நன்றாகப் பிடித்த போல்ட்டில் அதைப் போட்டு இழுத்தால் மூலை மழுங்கிவிடும். அங்குல செட் ஒன்று கட்டாயம் தேவை.

மற்றதெல்லாம் பொறுமை. வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட்டும் டாப்பெட்டும் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு மட்டையில் எட்டு ஓட்டை போட்டு இலக்கம் எழுதிச் சொருகி வைத்தேன். எஞ்சினைத் தூக்க செயின் புளொக்கை வாடகைக்கு எடுங்கள், நான்கு நண்பர்களை நம்பாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பிடிக்கவில்லை, காபரேட்டர் வழியே துப்பியது. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்று மாற்றிப் போட்டிருந்தேன். அதைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புது காம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) போட்டால் ஐடிலில் விடக்கூடாது, 20 நிமிடம் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓடவேண்டும். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் இரண்டு தடவை எட்டிப் பார்த்தா.

ஒயில் ஒழுகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒழுகும். இந்த எஞ்சினின் பின்பக்கக் கிராங்கில் சீல் இல்லை, ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு மரை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓடும்போது அது வேலை செய்யும், நிற்கும்போது சொட்டும். போர்ட்டிக்கோத் தரையில் நான் போட்டிருக்கும் மட்டையை வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது மாற்றச் சொல்லி அம்மாவின் உத்தரவு.