அந்த 0.8 விநாடி யாருடையது?

கேள்வி: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் என் 300 சிசி பைக்கில் இரண்டு கம்பெனி ரேஸ் டயர்களை மாட்டிப் பார்த்தேன். காலை 8 மணிக்கு முதல் டயரில் சிறந்த லேப் 2 நிமிடம் 4.1 விநாடி. 11 மணிக்கு இரண்டாவதில் 2 நிமிடம் 3.3. இரண்டுக்கும் ஓட்டுவதற்கு முன் 28 பிஎஸ்ஐ காற்று. இரண்டாவதையே வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலையில் ட்ராக் முழுக்கத் தூசி. வண்டிகள் ஓட ஓட ரேஸிங் லைனில் (எல்லோரும் வேகமாகப் போகத் தேர்ந்தெடுக்கும் பாதையில்) ரப்பர் படிந்து பிடிப்பு கூடும். 3.7 கி.மீ. சுற்றில் எங்கே பிரேக் பிடிப்பது என்று உங்களுக்கும் கை பழகியிருக்கும். இரண்டாவதாக மாட்டிய டயருக்கு இதெல்லாம் இனாமாகக் கிடைத்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முதல் டயரை மறுபடி மாட்டி ஓட்டுவதுதான். சலிப்பான வேலை, அதனால்தான் பலரும் செய்வதில்லை. அந்த மூன்றாவது ஓட்டத்தில் அது 2 நிமிடம் 3.5 எடுத்தது என்று வையுங்கள். முதல் டயரின் இரண்டு ஓட்டங்களுக்கும் சராசரி 2 நிமிடம் 3.8. அப்படியானால் இரண்டாவது டயரின் லாபம் 0.8 இல்லை, 0.5 தான். அதுவும் முழுசாக நம்பக்கூடியதில்லை: முதல் டயர் ஒருமுறை சூடாகி ஆறியது, கொஞ்சம் தேய்ந்ததும்கூட. புதிதாக இருந்திருந்தால் இன்னும் நெருங்கி வந்திருக்கும்.

அடுத்து காற்று. இரண்டுக்கும் 28 என்பது கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஆளுக்கு ஆள் கால் அளவு பார்க்காமல் ஒரே சைஸ் ஷூ கொடுத்து ஓடவிடுகிற கதைதான் அது. 30 டிகிரியில் 28 பிஎஸ்ஐ அடித்த டயர் 80 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 35 காட்டும். பக்கச்சுவர் எவ்வளவு வளைகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு டயரும் வெவ்வேறு அளவு சூடாகும். ஆகவே பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் வண்டியை நிறுத்தும் இடத்துக்குள்) நுழைந்த உடனே, சூடு ஆறுவதற்குள் அளந்து, அந்தந்தக் கம்பெனி சொல்லும் சூட்டு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். காற்றை அளக்கும் கேஜ் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு கேஜில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்து நான் ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்திருக்கிறேன்.

பெட்ரோலும் ஒரே அளவு இருக்க வேண்டும். லிட்டருக்கு முக்கால் கிலோ எடை. பக்கவாட்டில் ஒரே சைஸ் அச்சிட்டிருந்தாலும் பின் டயரின் உயரம் மாறலாம். மாறினால் பைக் நிற்கும் சாய்வே மாறும், ஒரு டயருக்கு வைத்த சஸ்பென்ஷன் செட்டிங் மற்றதற்குப் பொருந்தாது.

சிறந்த லேப் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். சூடேற்றும் சுற்றையும் முன்னால் வண்டி மறித்த சுற்றுகளையும் தள்ளிவிட்டு, மீதி ஐந்தாறு சுற்றுகளைப் பாருங்கள். ஒரே டயரில் உங்கள் நேரமே ஒரு விநாடி ஏறி இறங்கினால், 0.8 வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று: பைக்கை விட்டு இறங்கியதும் டைமரைப் பார்க்காமல், வழுக்குவதற்கு முன் எந்த டயர் எச்சரித்தது என்று எழுதிவையுங்கள். உங்கள் வேகத்துக்கு நானாக இருந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வாங்குவேன்.