விண்வெளி வீரர்களுக்கான பயிற்சி 1960களில் இருந்ததைப் போலவேதான் இன்றும் இருக்கிறதா?

ஆளை ராட்டினத்தில் உட்கார வைத்துச் சுற்றுவதுதான் பயிற்சி என்று பலரும் நினைக்கிறார்கள். சுற்றுவது இன்றும் உண்டு. ஆனால் மற்ற பாடங்கள் பெருகியதில் அது ஒரு மூலைக்குப் போய்விட்டது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றாலே இந்தக் கேள்வி வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1959இல் மனிதனை விண்ணுக்கு அனுப்பும் மெர்குரி திட்டத்துக்கு நாசா தேர்ந்தெடுத்த 7 பேரும் ராணுவச் சோதனை விமானிகள். எடையற்ற நிலையில் மனிதனால் உணவை விழுங்க முடியுமா என்பதுகூட அப்போது உறுதியாகத் தெரியாது. ஆகவே மருத்துவர்கள் தங்கள் ஆசையையெல்லாம் அவர்கள்மேல் தீர்த்துக்கொண்டார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினார்கள். பனிக்கட்டி நீரில் காலை வைக்கச் சொன்னார்கள். வெப்ப அறையில் உட்கார வைத்தார்கள். ஆள் தாங்குவாரா என்பதே பெரிய கேள்வி.

அந்தப் போக்கை மாற்றியது ஒரு தோல்வி. 1966 ஜூனில் நாசாவின் ஜெமினி 9 கலத்தைவிட்டு வெளியே வந்த யூஜின் செர்னனுக்குக் காலை ஊன்றச் சரியான பிடிமானம் இல்லை. எதைத் திருகினாலும் அவர் உடல்தான் எதிர்ப்பக்கம் திரும்பியது. வியர்த்துக் கொட்டி, தலைக்கவசக் கண்ணாடியில் ஆவி படிந்து, வந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே திரும்பினார். உடல் வலுவில் குறைந்தவரா என்ன? கடற்படை விமானி! பயிற்சி விமானத்தில் சில விநாடிகள் எடையின்றி மிதந்து பழகியது போதவில்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12இல் செல்லவிருந்த பஸ் ஆல்ட்ரின், பால்டிமோர் அருகே ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் இறங்கினார். விண்வெளி உடையோடு, மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும்படி எடை கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அசைவையும் ஒத்திகை பார்த்தார். கலத்திலும் கைப்பிடிகள், கால் பிணைப்புகள் கூட்டப்பட்டன. விண்ணில் வேலை சிரமமின்றி முடிந்தது. பள்ளி நீச்சல் குளம் என்றால் என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். இன்று ஹூஸ்டனில் 62 மீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில், விண்வெளி நிலையத்தின் மாதிரிப் பகுதிகளே மூழ்கிக் கிடக்கின்றன.

காட்டில் இறங்க நேர்ந்தால் பிழைத்திருப்பதற்கான பயிற்சிக்கும் இப்படியொரு கதை உண்டு. 1965இல் சோவியத் விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெல்யாயெவும் இலக்குத் தவறி, யூரல் பகுதியின் பனிக்காட்டில் இறங்கி இரண்டு இரவுகளைக் கழித்தார்கள்.

இப்போது மாதக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால் பழுது பார்ப்பது, ரத்த மாதிரி எடுப்பது, ரஷ்ய மொழி, சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்வது எல்லாமே பாடம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2011 முதல் பல நாட்டு வீரர்களைக் குகைக்குள் அனுப்பிப் பழக்குகிறது. இருட்டு, ஈரம், உடன் வந்தவர்களைவிட்டு விலக வழியில்லை. என்னைக் கேட்டால், காதில் தண்ணீர் விடுவதே தேவலாம்.

ஆனால் பழைய விதிகள் எல்லாம் ஒழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள். ரஷ்யாவில் பனிக்காட்டுப் பயிற்சியையும் முடித்தவர்கள். 1959இன் அதே அளவுகோல்தான், காரணமும் நியாயமானது. கலம் புதியது. நாசா 1978இல் ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்துக்காக எடுத்த 35 பேரில் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் 6 பெண்களும் இருந்தார்கள். இருந்தும் 1981இல் ஷட்டிலின் முதல் பயணத்தில் ஏறியவர்கள் ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் என்ற இரண்டு விமானிகளே.

ஆகையால் மருத்துவமோ இயற்பியலோ படித்துவிட்டு விண்வெளிக்குப் போக விரும்பும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: ககன்யான் ஆட்களோடு சில முறை போய்த் திரும்பட்டும், உங்கள் முறை அதற்கப்புறம்தான் வரும்.