ஊரில் இருப்பதை வைத்துத் தொடங்குவோம்: கேள்வி பதில்

நெல்லை, தூத்துக்குடி பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடும் மகளிர் குழுக்களோடும் பல வருடமாக வேலை செய்கிறேன். ஊர்க்காரர்களின் கைத்திறனை வைத்து மாணவர் செயல்திட்டமும் சிறுதொழிலும் செய்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியை: அக்கா, எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை. மழை இல்லை, கம்பெனி இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன செயல்திட்டம் கொடுப்பது?

டீச்சர், அந்த 'இல்லை' பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். அமெரிக்காவில் கிரெட்ஸ்மன், மெக்நைட் என்ற இருவர் 1993-லேயே இதை எழுதினார்கள்: ஊரின் குறைகளைக் கணக்கெடுப்பதற்கு முன் அங்குள்ளவர்களுக்கு என்ன தெரியும், என்ன சங்கங்கள் இருக்கின்றன, என்ன இடங்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து வீடு கொடுங்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் பாதிப் பேர் "எனக்கு என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது" என்றுதான் சொல்வார்கள். "அக்கம்பக்கத்தில் எதுக்காக உங்களைத் தேடி வருவாங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஓலைப்பெட்டி முடைபவர், மோட்டார் காயில் கட்டுபவர், நூறு பேருக்குச் சமைப்பவர் எல்லாரும் அப்போதுதான் வெளியே வருவார்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்: எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். அதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பனை நம் மாநில மரம், உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் (ஒரு பகுதியின் பொருளுக்கு அந்தப் பெயரைச் சட்டப்படி காக்கும் பதிவு) கிடைத்திருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சார்ட்டில் எழுதி ஒட்டுவதோடு விட்டுவிடாதே. பதநீர் காய்ச்சும் அக்கா துளி பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து "பதம் வந்துட்டு" என்று இறக்குவார் இல்லையா, அந்த நேரத்தில் வெப்பம் எவ்வளவு என்று அளந்து பார். நீர் வற்ற வற்றச் சர்க்கரை அடர்த்தியாகும், கொதிக்கும் வெப்பமும் 100 டிகிரியைத் தாண்டி ஏறும், அதனால் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள், பாகு தெறித்தால் தோல் வெந்துவிடும், பெரியவர் துணை இல்லாமல் அடுப்புப் பக்கம் போகாதே. பத்து நாள் அளந்தால் அவர் கை சொல்லும் பதமும் உன் எண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். அப்புறம், ஒரு கிலோ கருப்பட்டிக்கு எத்தனை கிலோ விறகு எரிகிறது என்றும் நிறுத்துப் பார். அடுப்பைக் கொஞ்சம் மாற்றி அதைக் குறைக்க முடிந்தால் அந்த வீட்டுக்கே லாபம். பானையில் சுண்ணாம்பு தடவாமல் பதநீர் இறக்கிச் சோதிக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம், அது புளித்துக் கள்ளாகிவிடும், இங்கே கள் இறக்கத் தடை இருக்கிறது.

கல்லூரி மாணவி: அம்மா பத்தமடையில் பாய் நெய்கிறார். நான் இதைத் தொழிலாக எடுக்கிறேன் என்றால் அம்மாவே வேண்டாம் என்கிறார்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் கணக்காகப் போட்டுப் பாரும்மா. கோரை வாங்குவது, ஊறவைப்பது, கிழிப்பது, சாயம் போடுவது, நெய்வது எல்லாவற்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு மாதம் எழுது. விற்ற விலையில் பொருள் செலவைக் கழித்து மணிக்கணக்கால் வகுத்தால் அம்மாவின் ஒரு மணி நேரக் கூலி தெரியும். அதை ஒரு நாள் வேலை நேரத்துக்குப் பெருக்கினால் வருவது அரசின் ஊரக வேலைத் திட்டத்தின் ஒரு நாள் சம்பளத்துக்குக் கீழே இருந்தால் கடைக்குப் போடுவதை நிறுத்து. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் பாய் இருக்கிறதே, அதற்கு நேரடியாக ஆர்டர் பிடி, பாதிப் பணம் முன்பணமாக வாங்கு. விலையை நீ பேசு, அம்மா பேசினால் குறைத்துவிடுவார்.

மகளிர் குழு உறுப்பினர்: நாங்கள் இருப்பது திண்டுக்கல் பக்கம். கடலைமிட்டாய் பாக்கெட்டில் 'கோவில்பட்டி' என்று போட்டால் நன்றாக விற்கும் என்கிறார்களே?

போடாதீர்கள். 2020-ல் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அது அந்தப் பகுதிக்காரர்களின் உரிமை. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், சிறுதொழில்களுக்கான அரசின் 'உத்யம்' பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பயிற்சி ஆசிரியர்: மாணவன் ஒருவன் பாட்டியின் கைப்பக்குவத்தை வீடியோ எடுத்துப் போட்டான். பாட்டி கோபத்தில் இருக்கிறார்.

உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் அவனை நேரில் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வையுங்கள். பாட்டி சம்மதித்தால் அவர் விரும்புகிறபடி பெயர் போட்டு மறுபடி எடுக்கலாம், பணம் வந்தால் பங்கு அவருக்கும் உண்டு. சம்மதிக்கவில்லை என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது.

அதே பதினொன்றாம் வகுப்பு மாணவர்: கண்காட்சி முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் அக்கா? போன வருடம் செய்த மாடல் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

நீ அளந்ததை எல்லாம் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அந்த அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டு. "இது தப்பாச்சேடா" என்று அவர் சொன்னால், அடுத்த நாள் காலையில் தெர்மாமீட்டரோடு மறுபடி போ.